பன்னிரண்டாவது கேள்வி

“பாம்பு பிடிக்கத் தெரியுமாம்மா?”

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இதைக் கேட்டபோது குரலில் கிண்டல் எதுவும் இல்லை. ரேஷன் கார்டில் எத்தனை பேர் என்று விசாரிப்பது போலத்தான் கேட்டார். எதிரே நின்ற மோகனா பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “தெரியாதுங்க சார்” என்றாள். அவர் தாளில் முதல் கேள்விக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினார்.

நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். என் முன்னால் ‘வல்லுநர்’ என்று எழுதிய அட்டை ஒன்று. மின்விசிறிக் காற்றில் அது கவிழ்ந்துகொண்டே இருந்தது. நிமிர்த்தி நிமிர்த்திச் சலித்துப்போய், கடைசியில் படுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மோகனாவுக்குப் பதினெட்டு வயது. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. அப்பா முருகேசன் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி, அம்மா இல்லை. பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். இருளர் என்று சாதிச் சான்றிதழ் கையில் இருந்தால் பழங்குடி ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் பொதுப் பிரிவில் நிற்க வேண்டும். அந்த மார்க்குக்கு அங்கே கதவு திறக்காது. கலந்தாய்வுக்கு ஒன்பது நாள் பாக்கி.

அவர்கள் குடும்பத்தில் அதுவரை ஒருவரிடமும் சான்றிதழ் இல்லை. அதனால்தான் இந்த விசாரணை. எந்த ஊர் அலுவலகம் என்று நான் எழுதப்போவதில்லை. அந்த அதிகாரி கெட்டவர் கிடையாது. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

கேட்டு வாங்கிய நாற்காலி

அந்த நாற்காலியை நான்தான் கேட்டு வாங்கினேன். இதைச் சொல்லாமல் மேலே போனால் நியாயம் இல்லை.

நான் வேலை பார்க்கும் கல்லூரியில் சமூகப்பணித் துறையில் நான் ஒருத்திதான் பழங்குடி. ஆகவே சமவாய்ப்புக் குழுவிலும் நான், குறைதீர் குழுவிலும் நான், பெண்கள் பாதுகாப்புக் குழுவிலும் நான். எந்தக் குழுப் புகைப்படத்தை எடுத்துப் பார்த்தாலும் ஓரத்தில் கைப்பையோடு நிற்பேன். தீர்மானம் போடுவோம், பிஸ்கட் சாப்பிடுவோம், கையெழுத்து வைப்போம். மறுவருடம் அதே தீர்மானத்தைத் தேதி மாற்றிப் போடுவோம்.

இந்தக் களைப்பிலேதான் ஒரு யோசனை வந்தது. எங்கள் பிள்ளைகளின் சான்றிதழ் விசாரணையில் எங்களில் ஒருவர் உட்கார வேண்டும் என்று மனு எழுதினேன். பல வருடம் எழுதினேன். அதிகாரிகள் மாறினார்கள், மனு மாறவில்லை. கடைசியாக வந்தவர்தான் என்னை அழைத்து, “நீங்க சொல்றது சரிதான் மேடம். வந்து உக்காருங்க” என்றார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பாம்பு பற்றிச் சில வார்த்தைகள்

இந்தத் தொடரைப் படிப்பவர்களில் பலர், ‘பாம்பு பற்றி எப்போது எழுதுவீர்கள்’ என்று கேட்டிருக்கிறார்கள். கருத்தரங்குகளிலும் இதே கதைதான். சமூக நீதி பற்றி முக்கால் மணி நேரம் பேசி முடித்து வியர்வையைத் துடைத்தால், முதல் வரிசையில் ஒருவர் எழுந்து நல்லபாம்புக்குக் காது கேட்குமா என்பார். சரி, எழுதிவிடுகிறேன்.

என் அப்பா பாம்பு பிடிப்பார். நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸ் கட்டியவர்கள் வீட்டுக்கு வீடு தோட்டத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். மாமரம், பலா, குரோட்டன்ஸ், கூடவே பாம்பு. யாராவது சைக்கிளில் வந்து எங்கள் குடிசை முன்னால் மணி அடித்தால் அப்பா கிளம்பிவிடுவார். அவருக்கு பிளாக் எண்கள் எல்லாம் பாம்பு வழியாகத்தான் மனப்பாடம். இன்ன பிளாக்கில் சாரை, இன்ன பிளாக்கில் கண்ணாடி விரியன். உள்ளே போய்ப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தால், கொல்லைப்பக்கம் தனி டம்ளரில் காபி வரும்.

எனக்குச் சான்றிதழ் வாங்கிய கதையும் பாம்பில்தான் இருக்கிறது. அப்போதிருந்த அதிகாரி ஒருவர், “இருளர்னா பாம்பு புடிச்சுக் காட்டு” என்றாராம். அப்பா மறுநாள் மஞ்சள் பையோடு போனார். பைக்குள் ஒரு சாரை. மேசையில் வைத்துப் பையின் வாயைப் பிரித்ததும், அதிகாரி இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். என் சான்றிதழில் அந்தக் கையெழுத்து இன்றைக்கும் கோணல்மாணலாக இருக்கிறது. எங்கள் வீட்டில் இதைச் சொல்லி வருடக்கணக்கில் சிரித்தோம்.

இப்போது பாம்பைத் தொட்டால் வனத்துறை கேஸ் போடும். தொடத் தெரியாது என்றால் இந்தப் பக்கம் சான்றிதழ் கிடையாது. ஒரே அரசாங்கம்தான் இரண்டும்.

கேள்வித்தாள்

மோகனாவிடம் திரும்புகிறேன்.

மொத்தம் பதினோரு கேள்விகள். இரண்டாவது, எலி வளையில் புகை போடுவது எப்படி. மூன்றாவது, மாசி மாதப் பௌர்ணமிக்குக் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடும்போது என்னென்ன படைப்பீர்கள். நான்காவது, எந்தக் காய்ச்சலுக்கு எந்த வேர்.

மூன்றாவது கேள்வியிலேயே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த வரிசை எனக்குத் தெரியும். தொழில், வழிபாடு, மருத்துவம், திருமணம், இறப்பு. என் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் இயல் அப்படித்தான் போகும்.

எட்டிப் பார்த்தேன். அதிகாரியின் கைக்கு அடியில் பின் அடித்த ஜெராக்ஸ் கட்டு ஒன்று. என் ஆய்வேடுதான். பக்க ஓரங்களில் யாரோ பச்சை மையில் எண் போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பத்தியும் ஒரு கேள்வியாகியிருந்தது.

அதிகாரி நான் பார்ப்பதைக் கவனித்தார். “உங்க புக்குதான் மேடம். முன்னாடியெல்லாம் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததக் கேப்பாங்க. நாந்தான் இதத் தேடி எடுத்து ஒரு முறை பண்ணி வச்சேன். சொந்த சமூகத்து ஆளே எழுதுனது, இதவிட என்ன ஆதாரம் வேணும்?”

பாராட்டாகத்தான் சொன்னார்.

அந்த நான்காம் இயலை எழுதியது எப்படி என்று எனக்கல்லவா தெரியும். மாசிப் பௌர்ணமிக்கு நாங்கள் ஒரு வருடம்கூடப் போனதில்லை. அப்பா பாம்பு பிடித்த நாளில் பஸ்ஸுக்குக் காசு இருக்காது, சுரங்க வேலைக்குப் போன பிறகு லீவு கிடைக்காது. நான் முதன்முதலாகப் போனதே ஆய்வுக்கு, கையில் நோட்டுப் புத்தகத்தோடு. திரும்பி வந்து, ‘இருளர்கள் ஆண்டுதோறும் தவறாமல்’ என்று எழுதினேன். வேர்களின் பெயர்களை ஏற்கெனவே வந்த புத்தகங்களிலிருந்து எடுத்தேன். ‘என் அப்பா இப்படிச் சொன்னார்’ என்று எழுதினால் என் நெறியாளர் கோடு போட்டு அடித்துவிடுவார். “தனித்தன்மை வேணும்மா. உங்க ஆளுங்களுக்குன்னு தனியா என்ன இருக்கு, அத எழுது” என்பார்.

எழுதினேன். பட்டம் வேண்டியிருந்தது.

மோகனா பத்துக் கேள்விக்கும் தெரியாது என்றாள். குரல் ஒவ்வொரு பதிலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. பதினோராவது கேள்வி, இறந்தவர்களுக்குச் செய்யும் சடங்கு.

“அம்மா செத்தப்போ ஊரு சுடுகாட்டுல வுடலீங்க சார்” என்றாள். “ஓடக்கரையில பொதச்சோம். அடுத்த மழைக்கே கரை சரிஞ்சுபோச்சு. இப்ப எந்த எடம்னு தெரியலீங்க.”

“அது சரிம்மா. சடங்கு என்ன செஞ்சீங்க?”

“பொழுதுக்குள்ள முடிச்சிட்டுப் போயிடணும்னு சொல்லிட்டாங்க சார். அதனால ஒண்ணும் செய்யல.”

அவர் பேனாவை ஒரு நொடி நிறுத்தினார். பிறகு ‘சடங்குகள் தெரியவில்லை’ என்று எழுதினார்.

புகைப்படம்

பெண்ணைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். ஜெராக்ஸ் கட்டைப் புரட்டி ஒரு பக்கத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“நல்லாப் பாரும்மா. உங்க சொந்தத்துல பெரியப்பா, மாமா, யாராவது இந்த மாதிரி இருந்திருக்காங்களா? ஒருத்தர் பேரச் சொன்னாக்கூடப் போதும், விசாரிச்சுப் பாக்கறேன்.”

அந்தப் பக்கத்தில் ஒரு புகைப்படம். சட்டை இல்லாத ஒரு மனிதர். தோளில் கடப்பாரை, இடது கையில் மண்பானை. பின்னால் ஒரு மலைச்சரிவு. அடியில், ‘தம் வாழிடத்தில் ஓர் இருளர்’.

அது என் அப்பா.

அந்தப் படத்தை எடுத்தவள் நான். அப்பா அப்போது பாம்புக்குப் போவதை விட்டுச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலையில் சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தது. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியை வாரிப் போடுகிற வேலை. ஒருநாள் ஷிப்ட் முடிந்து நீலச் சட்டையோடு வந்தவரை அப்படியே வெளியே கூட்டிப்போனேன். கடப்பாரை பக்கத்துச் சாலை வேலைக்காரர்களுடையது. பானை எதிர்வீட்டில் வாங்கியது. பின்னால் தெரிகிற மலை, சுரங்கம் தோண்டிக் கொட்டிய மண்மேடு. எங்கள் பக்கத்தில் வேறு மலை ஏது?

“சட்டயக் கழட்டணுமாம்மா?” என்று கேட்டார்.

“கைடு அப்படித்தாம்ப்பா கேக்கறாரு.”

“ஏம்மா, சட்ட போட்டா நாம இருளரு இல்லியா?”

“சீக்கிரம்ப்பா, வெயில் போயிடும்” என்றேன்.

அப்பா பட்டனைக் கழற்றினார். சட்டையை நாலாக மடித்து ஒரு கல்லின்மேல் வைத்தார். வெற்றுடம்போடு வெளியில் நிற்கக் கூச்சப்பட்டு, பானையை மார்புக்கு நேரே தூக்கித் தூக்கிப் பிடித்தார். நான் ஒவ்வொரு முறையும், “கொஞ்சம் கீழ எறக்குப்பா” என்றேன். அவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அந்த மாலையை நினைக்காமல் ஒரு வாரம்கூடப் போவதில்லை.

முருகேசன் பார்த்தது

மோகனா படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வாசலோரம் நின்ற முருகேசன், அனுமதி கேட்பது போல ஒரு அடி முன்னால் வந்து குனிந்தார்.

“இவுரு நம்ப சின்னசாமி அண்ணனாச்சே.”

அதிகாரி நிமிர்ந்தார். “உங்க சொந்தமா?”

“சொந்தம்னு இல்லீங்க. எங்கூட வேல செஞ்சவரு. பெல்ட்டுக்குக் கீழ கரி வாரிக்கினு இருப்பாருங்க. பின்னால இருக்கறது மண்மேடுங்க, பஸ்ல வரும்போதே தெரியும்.” கொஞ்சம் தயங்கி, “ஆனா இன்னா, இப்பிடி சட்டயில்லாம அவர நான் பாத்ததேயில்லீங்க. ஜோபில பேனா வச்சிக்கினுதான் வேலைக்கு வருவாரு” என்றார்.

அதிகாரியின் முகம் மாறியது. “இங்க பாருங்க, இது ஆராய்ச்சிப் புத்தகம். இவர் காட்டுல இருக்கற ஆளுன்னு போட்டிருக்கு. நீங்க கான்ட்ராக்ட்ல கூட வேல செஞ்சாருங்கறீங்க. சர்டிபிகேட் வேணுங்கறதுக்காக எதையாவது சொல்லக்கூடாது.”

முருகேசன் கைகளைக் கட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டார். அதிகாரி, ‘தந்தையின் கூற்று ஆதாரத்துக்கு முரணாக உள்ளது’ என்று எழுதத் தொடங்கினார். அந்தப் படத்தைப் பற்றி உண்மை சொன்னவர் முருகேசன் ஒருவர்தான். முரண் என்று பதிவானதும் அதுதான்.

அந்த நேரத்தில் என் வேலை, வரவேண்டிய பதவி உயர்வு, பெயருக்கு முன்னால் இருக்கும் ‘முனைவர்’ எல்லாவற்றையும் நினைத்தேன். பயந்தேன். இல்லையென்று எழுதினால் அது பொய்.

“அவர் சொல்றது நெஜம் சார். அது எங்க அப்பா” என்றேன். “நாந்தான் சட்டையக் கழட்டச் சொன்னேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். கடப்பாரை, பானை, மண்மேடு, மாசிப் பௌர்ணமி. “இந்தப் பதினோரு கேள்விக்கு எனக்கும் பதில் தெரியாது சார். புத்தகம் எழுதுன நானே ஃபெயில். ஆனா இந்தப் பொண்ணோட அம்மாவ ஊரு சுடுகாட்டுல விடலையே, அவங்க யாருகிட்ட சர்டிபிகேட் பாத்தாங்க? ஊருக்குத் தெரிஞ்சது நமக்கு மட்டும் எப்படித் தெரியாமப்போகும்?”

அவர் ஜெராக்ஸ் கட்டை மூடி ஓரமாக வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். “எழுத்துல குடுங்க மேடம். வாயால சொன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வடலூரில் சாப்பாடு

வெளியே வந்தபோது மூன்று பேருக்கும் பசி. திரும்பும் வழியில் வடலூரில் இறங்கித் தருமச்சாலையில் வரிசையில் உட்கார்ந்தோம். இலை போட்டார்கள், சோறு போட்டார்கள், சாம்பார் ஊற்றினார்கள். முருகேசன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர், “யக்கா, நான் பேசாம இருந்திருக்கலாங்களா?” என்று கேட்டார். “அண்ணனப் பாத்ததும் வாய் தொறந்துட்டேன்.”

“நீ பேசலன்னா நானும் பேசியிருக்க மாட்டேன்” என்றேன். அது உண்மை. அவருக்கு அது புரிந்ததா தெரியவில்லை. மோகனா இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டாள்.

என் நெறியாளர் ஓய்வுபெற்று மகன் வீட்டில் இருக்கிறார். எப்படியோ செய்தி போய் அன்று மாலையே போன் செய்தார். “யாரும் கேக்காத கேள்விக்கு எதுக்கும்மா எழுத்துல பதில் குடுத்த?” கல்லூரியிலிருந்தும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அது இன்னும் முடியவில்லை. பதவி உயர்வுக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பதை நானும் நிறுத்திவிட்டேன்.

மோகனாவுக்குச் சான்றிதழ் வந்தது. ஒன்பது நாளில் இல்லை. முதல் கலந்தாய்வு முடிந்த பிறகு. இரண்டாவது சுற்றில் தொலைவில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. போகும் முன்னால் வீட்டுக்கு வந்து அரைக்கிலோ ஆப்பிள் கொடுத்துவிட்டு, நின்றபடியே பேசிவிட்டுப் போனாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது. சரி, ஒரு பெண்ணாவது தாண்டினாள், ஒரு அறையிலாவது ஒரு கேள்வித்தாள் செத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடியும் அதே நாற்காலி

சில மாதங்கள் கழித்து மீண்டும் விசாரணைக்கு அழைப்பு வந்தது. போனேன். அதே மேசை, அதே மின்விசிறி. அதிகாரி உற்சாகமாக இருந்தார்.

“நீங்க எழுதிக் குடுத்தத நான் வீணாக்கல மேடம். போட்டோவ எடுத்துட்டேன். பாம்பு, எலி, வேர், எல்லாத்துக்கும் மார்க்கக் கொறச்சாச்சு. புதுசா ஒண்ணு சேத்திருக்கேன். பன்னெண்டாவது. அதுக்குத்தான் அதிக மார்க்.”

தாளை வாங்கிப் பார்த்தேன். அழகாகத் தட்டச்சு செய்திருந்தது: ‘விண்ணப்பதாரரின் குடும்பத்துக்கு ஊர்ச் சுடுகாட்டில் அடக்கம் செய்யும் உரிமை மறுக்கப்பட்டுள்ளதா? ஆம் / இல்லை.’

நான் ஏதும் சொல்வதற்குள் முதல் ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். விருத்தாசலம் பக்கத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். பேர் காசி. மகள் பாலிடெக்னிக்கில் சேர வேண்டும். பாம்பு, தெரியாது. எலி, சின்ன வயதில் பார்த்தது. பௌர்ணமி, போனதில்லை. எல்லாம் எதிர்பார்த்ததுதான். அதிகாரி தலையசைத்துக்கொண்டே கடைசிக் கேள்விக்கு வந்து, கொஞ்சம் இரக்கத்தோடு கேட்டார்.

காசியின் முகம் மலர்ந்தது. “அதெல்லாம் இப்ப இல்லீங்க. எங்களுக்குன்னு தனியா சுடுகாடு வாங்கிட்டோங்க. மூணு வருசமா மனு குடுத்துக்கினு, உண்ணாவிரதம் இருந்து, ஊருல அடிபட்டு வாங்கனோம். சுத்தியும் முள்ளுவேலி போட்டுட்டோம். போன மாசந்தான் எங்க அண்ணன் செத்தாரு. நல்லபடியா வச்சோங்க.”

அதிகாரி ‘இல்லை’யில் டிக் போட்டார். மார்க்குகளைக் கூட்டினார். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தாளை என் பக்கம் நகர்த்தினார். “கொஞ்ச மார்க்குல போகுது மேடம்.”

காசி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குப் பட்டுவிட்டது. சிரிப்பு மெல்லக் குறைந்தது. துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“நாங்க அத வாங்கனது தப்புங்களா?”

“தப்பில்லீங்க” என்று சொல்லிவிட்டு, தாளை அதிகாரி பக்கமே திருப்பித் தள்ளினேன்.